காற்றுத் துளை அடைத்ததால் போன டிஃபரென்ஷியல்: பழைய எம்எக்ஸ்-5இல் டார்சன் ஏற்றிய அனுபவம்

சத்தம் முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும்தான் வந்தது. 70 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது காலை எடுத்தால் பின்னாலிருந்து மெல்லிய ஊளை ஒன்று எழும். வண்டி 50க்கு இறங்குவதற்குள் அடங்கிவிடும். மறுபடி மிதித்தால் அமைதி. வண்டி 1991 மாடல் மஸ்தா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின். கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுகிற வண்டி என்பதால் சின்னச் சத்தம்கூடக் காதுக்கு வந்துவிடும். சில வாரங்களில் அந்த ஊளை இன்னும் தடித்து, கீழே ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. இனித் தள்ளிப்போட முடியாது என்று வண்டியைத் தூக்கினேன்.

சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வீல் பேரிங் போயிருந்தால் வளைவில் திரும்பும்போது, எடை ஒரு பக்கம் சாய்வதால், சத்தம் கூடும் அல்லது குறையும். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டிதான் டிஃபரென்ஷியல்; அதற்குள் எஞ்சின் பக்கமிருந்து சுற்றும் சின்னக் கியர் பினியன், அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல். கிரவுன் வீலைச் சுமக்கும் பக்கவாட்டு பேரிங்குகள் போனால், மிதித்தாலும் விட்டாலும் ஒரு உறுமல் இருந்துகொண்டே இருக்கும். காலை எடுக்கும்போது மட்டும் வருகிற ஊளை பினியனைக் கைகாட்டுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது கிரவுன் வீல் பினியனை வெளிப்பக்கமாகத் தள்ளும்; அந்தத் தள்ளுதலைப் பல்லுக்கு அருகிலுள்ள பெரிய பேரிங் தாங்கும். காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைச் சுழற்ற ஆரம்பிக்கிறது. விசையின் திசை மாறி, பினியன் உள்பக்கமாக இழுபடுகிறது. இப்போது சுமை முழுக்க கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணையும் தட்டான ஃபிளேஞ்ச் பக்கமுள்ள சின்ன பேரிங்குக்குப் போகிறது. அது தேய்ந்திருந்தால் பினியன் தன் இடத்திலிருந்து நகரும், பற்கள் தப்பான இடத்தில் உரசும், ஊளை வரும்.

நான்கு ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்திவிட்டு புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, டிஃபரென்ஷியல் முகப்பிலுள்ள ஃபிளேஞ்சைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில் அந்தத் திசையில் கொஞ்சம்கூட ஆட்டம் இருக்கக் கூடாது. என் விரலுக்கே ஆட்டம் தெரிந்தது. சுற்றிப் பார்த்தால் மணல் அரைபடுவது போல ஒரு உணர்வு.

அடுத்து ஆயில். இங்கே ஒரு பழக்கம்: மேலே நிரப்புகிற பிளக் கழன்று வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடிப் பிளக்கைத் தொட வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து வர மறுத்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். எனக்கு வந்தது. ஆனால் அடியிலிருந்து வந்த ஆயில் 300 மில்லிகூட இல்லை. இந்த டிஃபரென்ஷியலுக்கு 0.65 லிட்டர் இருக்க வேண்டும். வந்ததும் கருப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளித்தூள் கலந்தது போல மின்னியது.

மீதி ஆயில் எங்கே போனது என்று தேடியதில்தான் உண்மையான காரணம் கிடைத்தது. டிஃபரென்ஷியல் கூட்டின் மேல் ஒரு சின்ன பிரெதர் மூடி இருக்கும். ஓடும்போது உள்ளே சூடாகி விரிகிற காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். என் வண்டியில் அது சேறும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. காற்றுக்கு வழி இல்லாததால் அழுத்தம் ஆயில் சீல்களைத் தாண்டி ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறது. இரண்டு ஆக்சில் சீல்களின் ஓரமும் ஈரமாக, புழுதி படிந்து இருந்தது. தரையில் சொட்டுகிற அளவுக்குக் கசிவு இல்லாததால் நான் கவனிக்கவே இல்லை. உள்ளே ஆயில் மட்டம் இறங்கியதும் முதலில் காய்வது பினியனின் முன் பேரிங்தான். கிரவுன் வீல் சுழன்று அள்ளி வீசுகிற ஆயில், கூட்டுக்குள் இருக்கும் ஒரு வழியாக ஓடித்தான் அதை அடைகிறது. மட்டம் குறைந்தால் அவ்வளவு தூரம் போகாது. காலை எடுக்கும்போது எழுந்த ஊளைக்கும், அடைத்த பிரெதருக்கும், குறைந்த ஆயிலுக்கும் இடையே இருந்த தொடர்பு அப்போது முழுக்கப் புரிந்தது. பேரிங் ஓட்டி ஓட்டித் தேயவில்லை. பட்டினி கிடந்து தேய்ந்திருக்கிறது.

இனி என்ன செய்வது? பழையதையே பிரித்துப் புது பேரிங் போடலாம். ஆனால் இதில் இருந்தது விஸ்கஸ் வகை எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல். சிலிக்கோன் திரவத்துக்குள் தகடுகள் சுழலும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றும்போது திரவம் இறுகி அதை இழுத்துப் பிடிக்கும். வருடங்கள் போகப் போக அந்தத் திரவம் வீரியம் இழந்துவிடும், சீல் செய்யப்பட்ட டப்பா என்பதால் பிரித்துச் சரிசெய்யவும் முடியாது. ஷாஃப்டைத் திரும்ப மாட்டி, வண்டியைக் கியரில் போட்டு, இரண்டு பின் சக்கரமும் அந்தரத்தில் இருக்க, ஒன்றை வேகமாகச் சுற்றிப் பார்த்தேன். மற்றது எதிர்த் திசையில் தாராளமாகச் சுற்றியது, தடையே இல்லை. எல்எஸ்டி என்பது பெயரளவில்தான் இருந்திருக்கிறது. மழைநாளில் வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் வழுக்கிச் சுற்றுவதற்கு டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்; டயர்மேல் தப்பே இல்லை.

அதோடு 1.6 வண்டிகளில் கிரவுன் வீல் 6 அங்குலம்தான். இந்த வண்டிகளில் அதுதான் பலவீனமான இடம் என்பது எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 1994 மாடலிலிருந்து 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது மஸ்தா அதை 7 அங்குலமாக்கியது, விருப்பத் தேர்வாக டார்சன் என்ற கியர் வகை எல்எஸ்டியும் கொடுத்தது. நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டியும் கிடைக்கிறது. அது பந்தயப் பாதைக்கு அருமையானது. ஆனால் தட்டுகள் தேயும், மெதுவாகத் திரும்பும்போது டக் டக் என்று சத்தம் போடும், ஆயிலில் தனியாக ஃபிரிக்ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் கலக்க வேண்டும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது.

டார்சன் என்பது டார்க் சென்சிங் (முறுக்குவிசையை உணர்தல்) என்ற இரண்டு சொற்களின் சுருக்கம். வெர்னன் கிளீஸ்மன் உருவாக்கி 1958-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. உள்ளே தட்டும் இல்லை, சிலிக்கோனும் இல்லை. சாய்ந்த பற்கள் கொண்ட கியர்கள் மட்டும்தான். டார்க் ஏறும்போது அந்தச் சாய்வினாலேயே கியர்கள் பக்கவாட்டில் நெருக்கி உரசி, வழுக்குகிற சக்கரம் தன்னிஷ்டத்துக்குச் சுற்றுவதைத் தடுக்கும். வழுக்கத் தொடங்கிய பிறகு விழித்துக்கொள்ளும் விஸ்கஸ் போல இல்லாமல், வழுக்குவதற்கு முன்பே வேலை செய்யும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்குகிற டார்க்கைப் போல இத்தனை மடங்கு என்றுதான் அது மறுபக்கத்துக்குக் கொடுக்கும். உதாரணத்துக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் 200 நியூட்டன் மீட்டர் தாங்கும்போது மறுபக்கத்துக்கு 400 போகும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால் அந்தப் பக்கம் பூஜ்யம். பூஜ்யத்தின் இரண்டு மடங்கும் பூஜ்யம்தான். அந்த நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்தால் தூக்கிய சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்து, மற்ற சக்கரம் வண்டியை நகர்த்திவிடும்.

1.8 டிஃபரென்ஷியலை மட்டும் வாங்கி 1.6 வண்டியில் மாட்ட முடியாது. அதன் ஃபிளேஞ்ச் பெரியது, பழைய புரொப்பெல்லர் ஷாஃப்ட் பொருந்தாது. ஆக்சில்களின் உள்பக்கமும் வேறு. நல்ல வேளையாக வெளிப்பக்கம் சக்கரம் மாட்டும் 1.6 ஹப்பில் அப்படியே பொருந்திவிடும். அதனால் டிஃபரென்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு ஆக்சில் எல்லாம் ஒரே 1.8 வண்டியிலிருந்து செட்டாக எடுத்தேன். தனித்தனியாகச் சேர்த்தால் ஏதாவது ஒன்று கடைசியில் பொருந்தாமல் நிற்கும்.

பழைய பொருள் என்பதால் வண்டியில் ஏற்றுவதற்கு முன் மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான், அதில் ஒரு நிமிஷம்கூட வீண் இல்லை. முதலில் பினியனைக் கையால் மிக மெதுவாகச் சுற்றினேன். வேகமாகச் சுற்றினால் கெட்ட பேரிங்கும் நல்லது மாதிரி இருக்கும். மெதுவாகச் சுற்றும்போதுதான் சிக்கல் விரலுக்கு எட்டும். வழவழப்பாக, ஒரே சீரான இறுக்கத்தோடு சுற்றியது. பிறகு முன்பாதியைப் பின்கூட்டிலிருந்து பிரித்தேன். ஒட்டியிருந்த சீலன்ட்டைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுத்தேன். அலுமினியத்தில் இரும்புக் கத்தி பட்டால் அந்தக் கீறல் வழியாகவே ஆயில் கசியும்.

கிரவுன் வீல் பல்லில் டயல் கேஜை வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையிலுள்ள சிறு ஆட்டம், எவ்வளவு என்று அளந்தேன். நான்கு இடங்களில் 0.10, 0.10, 0.11, 0.10 மில்லிமீட்டர். பட்டறைக் கையேடு சொல்லும் வரம்பு 0.09 முதல் 0.11 வரை. அளவைப் போலவே நான்கு இடத்திலும் ஒன்றாக வருவதும் முக்கியம். ஏறி இறங்கினால் கிரவுன் வீல் கோணலாக ஓடுகிறது என்று அர்த்தம். பிறகு பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுன் வீலைக் கையால் லேசாகப் பிடித்து இழுவை கொடுத்தபடி பினியனைச் சுற்றினேன். பல்லின் நடுப்பகுதியில், நுனியையும் அடியையும் தொடாமல், நீள்வட்டமாகத் தடம் விழுந்தது. காலை எடுக்கும்போது உரசும் மறுபக்கத்திலும் அப்படியே. இந்தத் தடம் நன்றாக இருந்தால் பேரிங்குகளையும் இடைவெளியைச் சரிசெய்யும் தகடான ஷிம்மையும் தொடவே கூடாது என்பது என் கருத்து. பழகிப்போன பற்கள் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தியிருக்கும். அதைக் கலைத்துவிட்டுத் திரும்ப அமைத்தால், அளவு சரியாக வந்தாலும் சத்தம் வரலாம்.

சீல்கள் மூன்றையும் மாற்றினேன். பக்கச் சீல்கள் எளிது. பினியன் சீலுக்குத்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் அதற்கு பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் ஒரு கிரஷ் சிலீவ் இருக்கிறது. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி பேரிங்குக்குத் தேவையான முன்னழுத்தம் தரும். நசுங்கியது திரும்ப நீளாது. ஆகவே நட்டைக் கொஞ்சம் அதிகம் இறுக்கிவிட்டால், தளர்த்திச் சரிசெய்ய வழியில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் புது சிலீவ் போட வேண்டும். நான் செய்தது இது: கழற்றுவதற்கு முன் பினியனைச் சுற்ற எவ்வளவு டார்க் ஆகிறது என்று முள் உள்ள சின்ன டார்க் ரெஞ்சில் அளந்து எழுதிவைத்தேன். நட்டு, ஷாஃப்ட், ஃபிளேஞ்ச் மூன்றிலும் ஒரே கோட்டில் பன்ச் குறி போட்டேன். புது சீல் போட்ட பிறகு, குறிகள் சேரும் வரை நட்டை இறுக்கி, அதற்குப் பிறகு நூலிழை நூலிழையாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்து, பழைய அளவு வந்ததும் நிறுத்தினேன். புது சீலின் உதடு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அதற்கு மட்டும் சிறிது கூடுதல். ஃபிளேஞ்சில் பழைய சீல் உரசிய இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு வரிப்பள்ளம் இருந்தது. புது சீலை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே தட்டினேன்; உதடு பழைய பள்ளத்தில் படாமல் நல்ல பரப்பில் படும். பிரெதரையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதிக் காற்று போவதைப் பார்த்த பிறகுதான் மாட்டினேன்.

அப்புறம் வண்டிக்கு அடியில். எக்ஸாஸ்டை இறக்கியாயிற்று. எம்எக்ஸ்-5இன் அமைப்பு தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்கத் தனியாக மவுன்டிங் கிடையாது. கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று, பவர் பிளான்ட் ஃபிரேம், அதுதான் இரண்டையும் தாங்குகிறது. அதன் போல்ட்டுகளைக் கழற்றினால் கியர்பாக்ஸின் வால் தொங்கும், டிஃபரென்ஷியலின் மூக்கும் தொங்கும். இரண்டுக்கும் அடியில் ஜாக்கி வைத்த பிறகே ஸ்பேனரைத் தொட்டேன். சட்டத்தோடு ஒட்டிப் போகும் ஒயரிங் கிளிப்புகளை முதலில் விடுவிக்க வேண்டும். டிஃபரென்ஷியல் பக்கம் சட்டத்துக்குள் இருக்கும் ஸ்பேசர் அலுமினியத் துருவில் இறுகிவிட்டிருந்தது. துரு இளக்கும் ஆயில் தெளித்து ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் தட்டியதும் வந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்டை கியர்பாக்ஸிலிருந்து உருவினால் பின்வாய் வழியாக ஆயில் கொட்டும் என்பதால் அங்கே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்தேன்.

ஆக்சிலை எடுக்க ஹப்பைச் சாய்க்க வேண்டும். ஹப்பின் அடியில் போகும் நீளமான போல்ட் இந்த வண்டிகளில் புஷ்ஷோடு சேர்ந்து துருப்பிடித்து இறுகிவிடும். அதைத் தொட வேண்டியதே இல்லை. மேல் ஆர்மின் போல்ட்டை மட்டும் கழற்றினால் ஹப் வெளிப்பக்கம் சாயும், அந்த இடைவெளி போதும். பிரேக் காலிப்பரைக் கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும், பிரேக் ஹோஸ் எடையைத் தாங்கக் கூடாது. ஹப் நட்டு 29 மில்லிமீட்டர். வண்டி தரையில் நிற்கும்போதே அதன் மடிப்பை நிமிர்த்தித் தளர்த்தி வைத்திருந்தேன். ஆக்சிலின் உள்பக்கத்தை இரண்டு லீவர்களால் ஒரே நேரத்தில் எதிரெதிராக நெம்பினால் அதைப் பூட்டியிருக்கும் வளையமான சர்க்ளிப் விட்டுக் கொடுத்து வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் சீலைக் கிழிக்கும்.

புது டிஃபரென்ஷியலை ஜாக்கியில் ஏற்றுவதற்கு, அதன் அடிப்பக்கத்துக்கு ஏற்றபடி இரண்டு மரத்துண்டுகளில் ஒரு தொட்டில் மாதிரி அறுத்து வைத்தேன். அது இல்லாமல் தனி ஆளாக ஏற்றியிருக்கவே முடியாது. பின்பக்கக் கைகள் சப்ஃபிரேமில் உட்கார்ந்தன, சட்டம் மாட்டினேன், புது சர்க்ளிப்போடு ஆக்சில்கள் சொருகினேன். ஹப் நட்டு புதியது, 250 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, மடிப்பு போட்டேன். மேல் ஆர்ம் போல்ட்டை மட்டும் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக இறுக்கினேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். உள்ளே ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 ஆயில், ஒரு லிட்டர். கிரவுன் வீல், பினியனின் ஹைப்பாய்டு வகைப் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்வதால் ஜிஎல்-5 ஆயிலிலுள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் இல்லாமல் அவை தாங்காது. டார்சனுக்கு வேறு எதுவும் கலக்க வேண்டியதில்லை.

முதல் ஓட்டத்தில் ஊளை இல்லை. அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் 90ஐத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் ஒரு அதிர்வு. புரொப்பெல்லர் ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருக்கிறதோ என்று முதலில் கழற்றி ஜாயிண்ட்டுகளைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தன. பிறகு டிஜிட்டல் கோணமானியை வைத்து அளந்தபோது விஷயம் தெரிந்தது. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள ஜாயிண்ட் கோணங்கள் சமமாக இருந்தால்தான் ஒன்று உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்யும். அதற்கு கியர்பாக்ஸின் அச்சும் பினியனின் அச்சும் இணையாக இருக்க வேண்டும். எனக்கு 1.5 டிகிரி வித்தியாசம் இருந்தது. சட்டத்தின் போல்ட்டுகளை இறுக்கும்போது கியர்பாக்ஸின் வால் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. போல்ட் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளியே அவ்வளவுக்குக் காரணம். போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியால் கியர்பாக்ஸின் வாலை உயர்த்தி, வித்தியாசம் 0.3 டிகிரிக்கு வந்ததும் 115 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். அதிர்வு போய்விட்டது. சட்டத்தைக் கழற்றுவதற்கு முன்பே கோணத்தை அளந்து எழுதிவைத்திருந்தால் ஒரு நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று ஸ்பீடோமீட்டர். பழைய டிஃபரென்ஷியலின் விகிதம் 43க்கு 10 பல், அதாவது 4.30. புதியது 41க்கு 10, 4.10. ஒரே வேகத்தில் எஞ்சின் சுமார் 4.7 சதவீதம் மெதுவாகச் சுற்றும். முன்பு 4000 சுற்று ஓடிய இடத்தில் இப்போது 3810 சுற்று. நெடுந்தூரப் பயணத்தில் காதுக்கு அது நன்றாகத் தெரிகிறது, வேகமெடுப்பதில் ஒரு துளி மந்தம் இருக்கிறது. ஆனால் ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸிலிருந்து சுற்றுவதால், உண்மையில் 100இல் போகும்போது முள் 95 காட்டும். குறைத்துக் காட்டும் மீட்டரை அப்படியே விடக் கூடாது. கியர்பாக்ஸில் கேபிள் முனையிலிருக்கும் 21 பல் பிளாஸ்டிக் கியரை எடுத்துவிட்டு 20 பல் கியரைப் போட்டேன். கணக்குப் போட்டால் 21ஐ 20ஆல் வகுத்து 4.10/4.30ஆல் பெருக்க, கிட்டத்தட்ட சரியாக ஒன்று வருகிறது. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டதிலும் பழைய துல்லியம் திரும்பியிருந்தது.

ஈரமான வளைவில் இப்போது வண்டி நடந்துகொள்ளும் விதமே வேறு. முன்பு உள்சக்கரம் வழுக்கி, எஞ்சின் சுற்று ஏறி, வண்டி மட்டும் அங்கேயே இருக்கும். இப்போது வளைவின் நடுவிலிருந்து மெதுவாக மிதிக்க ஆரம்பித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி வெளியே வருகிறது. இந்த வண்டி இப்படித்தான் ஓட வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்து நினைத்திருந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அது நடந்ததில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

500 கி.மீ. ஓடியதும் ஆயிலை ஒருமுறை வடித்தேன். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும், துகள் எதுவும் இல்லை. சீல்கள் காய்ந்திருந்தன. பழைய டிஃபரென்ஷியலை அதே நாளில் பிரித்துப் பார்த்தேன். பினியனின் முன் பேரிங் ரேஸ் சூட்டில் நீலம் பாய்ந்து, உருளைகள் ஓடிய தடத்தில் செதில் செதிலாக உரிந்திருந்தது. இரண்டு அங்குலம் தள்ளியிருந்த பின் பேரிங் இன்னும் கண்ணாடி போல இருந்தது.